கண்ணாடியைக் கழற்ற லேசர்: விண்ணப்பம் எழுதும் முன் ஒரு விளக்கம்



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில், "லேசர் செய்து கண்ணாடியை எடுக்க வேண்டும்" என்று கேட்பவை இப்போது கூடி வருகின்றன. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வருபவற்றில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, பையன் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறான். இன்னொன்று, பெண்பிள்ளைக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது. இரண்டாவதைப் பற்றி என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தானே விரும்பினால் செய்யட்டும். பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் கண்ணில் அறுவை செய்ய வேண்டியதில்லை.

வேலை விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். விழுப்புரம் ரயில்வே ஜங்ஷன் உள்ள ஊர். ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இல்லாத தெரு இங்கே குறைவு. துணை லோகோ பைலட் வேலைக்குக் கண்ணாடி போடாமலே இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும். அதைப் படித்ததும், "லேசர் செய்துவிட்டால் 6/6 வந்துவிடுமே" என்று தோன்றுகிறது. ஆனால் லேசிக் போன்ற அறுவை செய்துகொண்டவர்கள் அந்தப் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது. கடன் வாங்கிச் செய்யும் லேசர் அந்தக் கதவை அடைத்தே விடும். ரயில்வேயிலேயே எழுத்தர் போன்ற வேலைகளுக்குக் கண்ணாடி தடை இல்லை. ராணுவம், காவல்துறை ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. எந்த வேலைக்கு முயல்கிறீர்களோ, அதன் அறிவிப்பில் உள்ள மருத்துவத் தகுதிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

இனி சிகிச்சைக்கு வருவோம். கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலத்தை டாக்டர்கள் கார்னியா என்பார்கள். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். லேசர் அதைக் கொஞ்சம் செதுக்கி வளைவை மாற்றுகிறது; கண்ணாடி செய்த வேலையை அந்த வளைவு செய்கிறது. இதற்கான எக்சைமர் லேசர் திசுவைக் கருக்காமல் வெட்டும் என்று கண்டறிந்த ஐபிஎம் குழுவில் முக்கியமானவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழியைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்த்தான் அவர் முதலில் வெட்டிப் பார்த்தார்.

லேசரில் மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவது பிஆர்கே. சில நாள் வலிக்கும், பார்வை மெதுவாகத் தெளியும். மெல்லிய மூடி போல வெட்டித் திறந்து, செதுக்கி, திரும்ப மூடுவது லேசிக். மறுநாளே பெரும்பாலும் நன்றாகத் தெரியும். சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை எடுத்துவிடுவது ஸ்மைல். இது முக்கியமாகக் கிட்டப்பார்வைக்கு. பவர் மிக அதிகம் என்றாலோ கார்னியா மெலிந்திருந்தாலோ, கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். இதற்குப் பெயர் ஐசிஎல். தேவைப்பட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியும், ஆனால் செலவு அதிகம்.

எந்த முறை என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு டயாப்டர் பவரைக் குறைக்கச் சுமார் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 6 என்றால் 90 மைக்ரான் போய்விடும். மீதிக் கனம் போதாவிட்டால் கார்னியா பலமிழந்து பிதுங்கும். சிலருக்கு லேசர் செய்யாமலே அது கூம்பு போலப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோய் இருக்கும். ஒவ்வாமையால் கண்ணை ஓயாமல் கசக்கும் பிள்ளைகளிடம் இது அதிகம். ஆரம்பத்தில் வெளியே தெரியாது. அந்தக் கண்ணில் லேசர் செய்தால் பார்வை மேலும் கெடும். கார்னியாவை வரைபடம் போல எடுக்கும் டோப்போகிராபி பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். அது செய்யாமல் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் டாக்டர் சொல்லும் நாள் கணக்குப்படி முன்பே நிறுத்திவிட்டுத்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வயது 18 முடிந்திருக்க வேண்டும். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். கண் வறட்சி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் லேசருக்குப் பின் சில மாதங்கள் வறட்சி கூடும். அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள் கண்ணாடியை எடுத்த பிறகும் விழித்திரையைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். பவர் போனாலும் நீண்ட விழி நீண்டபடியேதான் இருக்கும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளெழுத்து கார்னியாவின் கோளாறு அல்ல. உள்ளே உள்ள லென்ஸ் இறுகிப்போவதால் வருவது. மைனஸ் 2 உள்ள ஒருவர் இன்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குர்ஆன் ஓதுகிறார். லேசர் செய்தால் பள்ளிவாசல் கடிகாரம் நன்றாகத் தெரியும், ஓதுவதற்குக் கண்ணாடி தேடுவார். கண்புரை ஆரம்பித்தவர் லேசருக்குச் செலவழிக்கவே வேண்டாம். புரை அறுவையில் வைக்கும் லென்ஸிலேயே தூரத்துப் பவரைச் சரிசெய்துவிடலாம். இது அரசு மருத்துவமனைகளில் இலவசம். தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இயலாதவர்களுக்கு வழி உண்டு. தூரம், கிட்டம் இரண்டுக்கும் உதவும் மல்டிஃபோகல் லென்ஸ் விலை கூடியது. சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். திருச்சி சாலையில் இரவு லாரி ஓட்டுபவர் அதை டாக்டரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

எந்த அறுவை என்றாலும் டாக்டர் அனுமதிக்கும்வரை கண்ணில் தண்ணீர் படக்கூடாது. ஒளுவுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் இமாமிடம் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுர்மாவும் அதுவரை வேண்டாம், அது ஹஜ்ஜிலிருந்து வந்ததாக இருந்தாலும் சரி.

நம் ஜகாத் நிதி புரை அறுவைக்கும், ஓதும் பிள்ளைகளின் கண்ணாடிக்கும்தான் முதலில் போகும். லேசருக்கு அழகிய கடனாக மட்டுமே பரிசீலிக்கப்படும். விண்ணப்பத்துடன் டோப்போகிராபி அறிக்கை, ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு கண்ணாடிச் சீட்டுகள், வேலைக்காகக் கேட்பவர்கள் என்றால் அந்த வேலை அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பக்க நகல் ஆகியவற்றை இணைக்கவும்.