ஓட்டை அடைக்கும் படலம்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிப் பாத்திரக் கடைகளின் பளபளப்பைப் பார்க்காதவர் யார்? அந்தப் பளபளப்பெல்லாம் கரி அப்பிய ஒரு சந்திலிருந்து கிளம்பி வருகிறது என்றால் நம்புவீர்களா? அங்கே பாத்திரம் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நுழைய விட்டுவிட்டார்கள்! "செருப்பைக் கழட்டாதீங்க தம்பி, கீழ பூரா தகரத் துண்டு கிடக்கு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களும் கூடவே வாருங்கள்.

காது ஒடிந்த அண்டா, மூக்கு நசுங்கிய கூஜா, எவர் வீட்டுச் சீரோ, பெயர் வெட்டிய போணிகள். நடுவில் நிற்பதுதான் கதாநாயகன்: செம்பு வெந்நீர் பாய்லர். மூன்று கால், இடுப்பில் பித்தளைக் குழாய், உச்சியில் புகைபோக்கி. நடுக்குழலில் சிரட்டையைப் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகும். வெள்ளைக்காரன் நகம் வைத்த கால்கொண்ட இரும்புத் தொட்டியில் கால் நீட்டிப் படுத்துக் குளித்தான். நாமோ தாமிரபரணியில் வெள்ளம் ஓடும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பாய்லரில் பிடித்த வெந்நீரை விளாவி, சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டோம்.

இது கல்லிடைக்குறிச்சிப் பழைய வீடு ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, தொப்பையில் ஒரு பெரிய சொட்டை. பட்டறைக்கார அண்ணாச்சி கொட்டாப்புளியை எடுக்கிறார். ஓங்கி ஒரு போடு போடுவார் என்று பார்த்தால், தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோல் தட்டுகிறார். தட்டத் தட்டச் சொட்டை எழும்பி வருகிறது. எஃப்.எம்.மில் இளையராஜா, தாளம் தப்பவில்லை.

அடுத்தது ஒழுக்கு. தண்ணீரை நிரப்பிவிட்டுக் குனிந்து பார்க்கிறோம். நடுக்குழலும் அடித்தட்டும் சேரும் இடத்தில் சொட்... சொட்... தண்ணீரைக் கொட்டி, அந்த இடத்தைச் சுரண்டி, வெங்காரம் தூவிப் பற்றவைக்கிறார். நெருப்பு பச்சையாகச் சீறுகிறது. "கண்ணுக்குக் கண்ணாடி போடலையா அண்ணாச்சி?" சட்டைப் பையிலிருந்து எடுக்கிறார், நன்றாகத் துடைக்கிறார், திரும்பப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்.

பக்கத்துத் திண்ணையில் உருளிக்கு ஈயம். இதைத் தவறவிட்டுவிடாதீர்கள்! காய்ந்த பித்தளையில் நவச்சாரத் தூளை வீசியதும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்புகிறது. "மூக்கைப் பொத்துங்க சார், இல்லைன்னா ஒரு வாரத்துக்கு அல்வா ருசி தெரியாது" என்று சிரிக்கிறான் உதவிக்கு நிற்கும் பையன். வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும். ஈயக் குச்சியைப் பித்தளையில் வைத்ததும் இளகி ஓடுகிறது. பஞ்சை வைத்து ஒரே சுழற்று. மஞ்சள் உருளியின் வயிறு வெள்ளியாகிவிட்டது. இனி புளிக்குழம்பு வைத்தாலும் களிம்பு ஏறாது. பையன் முதுகில் பனியன் ஒட்டிக் கிடக்கிறது; பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.

டீ வந்தது. ஆதிச்சநல்லூர்ப் பெருமையை எடுத்துவிட்டேன்: இதே ஆற்றங்கரையில் 1899 தொடங்கி அகழாய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியது, எருமையும் சேவலும் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சாமான்கள் கிடைத்தது, அவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணாச்சி கேட்டார்: "அதுல ஓட்டை எதுவும் இருந்துச்சா?"

பாய்லருக்குப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பு. கறுப்பு வழிந்து செக்கச்செவேலென்று செம்பு எட்டிப் பார்த்ததும் நான் கைதட்டியேவிட்டேன். மறுபடி தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து வைத்தார்கள். காகிதம் நனையவில்லை.

இதில் யாரும் வெந்நீர் போடப் போவதில்லை, ஹாலில் செடி வைக்கத்தானாம். அதற்கு எதற்கு இந்தப் பாடு? "ஒழுகுத சாமானை நான் வெளிய அனுப்ப மாட்டேன்." அந்த வீம்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த நேரம் பார்த்துப் பாய்லரின் சொந்தக்காரர் போன். செடிக்கு ஊற்றும் தண்ணீர் வடிய வேண்டுமே, அடியில் ஒரு துளை போட்டுத் தர முடியுமா?

பட்டறையே அண்ணாச்சி முகத்தைப் பார்த்தது.

"போட்டுத் தாரேன் சார். அடைச்சதுக்கு ஒரு கூலி, போடுததுக்கு ரெண்டு கூலி."