நீலப் பெரில்

நீலப் பெரில் அல்லது அக்குவாமரீன் என்பது பெரிலியம், அலுமினியம் ஆகியவை அடங்கிய சிலிக்கேட்டுக் கனிமம் ஆகும். இது அறுகோணப் படிகமாக அமைகின்றது. மோவின் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை ஆகும். தூய பெரில் நிறமற்றது. சிறிதளவு இரும்பு கலப்பதாலேயே நீலநிறம் உண்டாகின்றது.

புவியோட்டில் பெரிலியம் மிகக் குறைவு. பாறைக்குழம்பு இறுகும்போது ஏனைய கனிமங்களில் சேராது எஞ்சும் பெரிலியம், இறுதியில் உறையும் பெக்மடைட்டுப் பாறைகளில் திரள்கின்றது. அங்கும் விரிசலற்ற தெளிந்த படிகங்கள் அரியவை.

கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூர் இக்கல்லுக்குப் பெயர்பெற்றது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் பெரில் மணிகளும் மணித்தொழிலின் எச்சங்களும் கிடைத்துள்ளன. பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைப்பதாக கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். பண்டைய இந்திய மொழிகளில் பெரிலைக் குறித்த வைடூரியம் என்ற பெயர், இன்று தமிழில் பூனைக்கண் கல்லையே குறிக்கின்றது.