ஊசியில் நூல் கோர்க்கிற வெளிச்சம் செடிக்குக் காணாது

பல்லரோச் சந்தையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, மூன்றாம் மாடியில் எங்கட வீடு. எதிர்வீட்டு பால்கனியில் காயும் உடுப்பைக் கை நீட்டித் தொடலாம் போல இருக்கும். பலெர்மோ முழுக்க வெயில் கொளுத்தினாலும், எங்கட குசினி யன்னலுக்கு வானம் ஒரு கீற்றுத்தான்.

அந்த யன்னலோரம் அம்மா வைத்த கறிவேப்பிலைக் கன்றுகளில் இரண்டு செத்துவிட்டன. மூன்றாவது போன நவம்பரில் இலை கொட்டத் தொடங்கியது. "என்ட கை ராசியில்லாத கை" என்றா அம்மா. முப்பது வருசமாக இங்கே மற்றவர்களின் வீடுகளைத் துடைத்து, அவர்களின் பூச்சாடிகளையும் வளர்த்த கை அது. எனக்குப் பொறுக்கவில்லை.

நான் செடி வளர்க்கிற ஆள் இல்லை. சர்வர் விழுந்தால் லொக் பார்க்கிற ஆள். ஆகவே முதலில் அளந்தேன். போனில் இலவச லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டேன். மொட்டைமாடியில், மதிய வெயிலில் 80,000 லக்ஸ். கன்று நின்ற இடத்தில் 180.

அம்மா நம்பவில்லை. "தம்பி, வெளிச்சம் காணும்தானே? இதில இருந்துதானே நான் ஊசியில நூல் கோர்க்கிறன்."

அங்கேதான் பிழை. நம் கண் இருட்டுக்கும் வெயிலுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நானூறு மடங்கு வித்தியாசமும் நமக்குப் பெரிதாகத் தெரியாது. செடிக்கு அந்த வசதி இல்லை. கிடைக்கிற ஒளியை வைத்துத்தான் அது சாப்பாடு செய்ய வேண்டும். ஒளி குறைந்தால் அது தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். அம்மாவோ அன்பில் தினமும் ஊற்றினா. மண் காயாமல் வேருக்குக் காற்றில்லாமல் அழுகியது. ராசி இதில் எங்கேயும் இல்லை.

20 வாட் வெள்ளை எல்ஈடி விளக்கு ஒன்றை வாங்கி, கன்றுக்கு 60 சென்ரிமீற்றர் மேலே தொங்கவிட்டேன். சுமார் 1,800 லக்ஸ்தான் வந்தது. 30க்கு இறக்கினேன்: 7,000. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, பள்ளியில் படித்ததுதான். பிறகு இரண்டாவது விளக்கையும் பக்கத்தில் மாட்டி, டைமரில் நாளுக்கு 14 மணிநேரம் வைத்தேன். மாதம் சுமார் 17 யூனிட். எங்கட பில்லில் ஐந்து யூரோ அளவு.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். ஊதா விளக்குத்தான் வேண்டும் என்றில்லை. செடி பச்சை ஒளியையும் பெரும்பாலும் பயன்படுத்தும், வெள்ளை போதும். பெட்டியில் பெரிதாக எழுதிய "1000 வாட்"டை நம்பாதீர்கள். உண்மையில் எத்தனை வாட் இழுக்கும் என்பதைச் சிறிய எழுத்தில் தேடுங்கள்.

"உதெல்லாம் ஏன், யாழ்ப்பாணத்தில இருந்து பையுக்குள்ள ஒரு கன்று கொண்டு வரலாமே" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். வேண்டாம். தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரக்கூடாது, அதற்குக் காரணமும் இருக்கிறது. கறிவேப்பிலையில் வாழும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற சிறு பூச்சி, தோடை மரங்களைக் கொல்லும் 'சிட்ரஸ் கிரீனிங்' நோயைப் பரப்பும். அதற்கு மருந்து இல்லை. 2005இல் புளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கே தோடம்பழ விளைச்சல் படுத்துவிட்டது. பலெர்மோவைச் சுற்றிய சமவெளிக்கே 'தங்கச் சிப்பி' என்று பெயர். தோடையும் எலுமிச்சையும் விளைந்த மண். எங்களுக்கு வேலையும் வீடும் தந்த ஊர். அதற்கு நாம் அந்தப் பூச்சியைக் கொடுக்கக் கூடாது. கன்றை இங்குள்ள நர்சரியில் வாங்குங்கள்.

குளிர்காலம் முழுக்கக் கன்று அசையவில்லை. எங்கட வீட்டில் ஹீற்றரும் பெரிதாக இல்லை. விளக்கைக் கழற்றவும் நினைத்தேன். மார்ச்சில் இரண்டு கணுக்களில் துளிர் வந்தது. அம்மா இப்போது விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறா.

போன ஞாயிறு சொதிக்கு அதிலிருந்து ஒரே ஒரு நெட்டுப் பறித்தா. மிச்சத்துக்குக் கடைக் கறிவேப்பிலைதான். ஆனால் அந்த ஒரு நெட்டைத் தாளிக்கும்போது என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு மணக்கச் சொன்னா.

உங்கள் வீட்டிலும் செடி செத்துக்கொண்டிருந்தால் முதலில் போனை எடுத்து அளந்து பாருங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளங்கள்.