மருதானையில் உருவான ஸ்போர்ட்ஸ் கார்: ஆட்டோக்காரருக்கு அதனால் என்ன?

கொழும்பில் பொரளையிலிருந்து மருதானைப் பக்கம் போனால், பழைய ரயில்வே களஞ்சியங்கள் நின்ற திரிபோலி வளாகம் வரும். இப்போது அதன் பெயர் டிரேஸ் எக்ஸ்பேர்ட் சிட்டி; தொழில்நுட்பக் கம்பனிகள் இயங்கும் இடம். அங்கே உள்ள கோட்ஜென், சுற்றுலாத் துறைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம். அதை நிறுவிய ஹர்ஷ சுபசிங்க 2013இல் ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் கார்த் திட்டத்தைத் தொடங்கினார். பெஷான் குலபால அதன் பொறியியல் பணிக்குத் தலைமை தாங்கினார். திட்டம் வேகா இன்னவேஷன்ஸ் என்ற கம்பனியாக வளர்ந்தது. காரின் பெயர் வேகா ஈவிஎக்ஸ்.

கார்த் தொழிற்சாலைப் பாரம்பரியம் பெரிதாக இல்லாத நாட்டில், முதல் அடியே ஏன் ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டும்? மலிவான சின்னக் கார் ஒன்றைச் செய்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குப் பார்த்தால் விடை வேறு விதமாக வருகிறது.

விலை கூடிய காரில் ஏன் தொடங்குகிறார்கள்?

சாதாரணக் காரின் உடல் இரும்புத் தகட்டால் ஆனது. கதவு, பொனற், கூரை என்று ஒவ்வொன்றையும் அழுத்தி எடுக்கப் பெரிய அச்சுகளும் இயந்திரங்களும் வேண்டும். அந்தச் செலவு ஆயிரக்கணக்கான கார்களில் பகிரப்பட்டால்தான் ஒரு காரின் விலை கட்டுப்படியாகும். பத்துக் கார் செய்ய அந்த அச்சுகளை வாங்க முடியாது. கார்பன் இழையில் உடல் செய்வது வேறு கதை. அச்சு மலிவு, ஆனால் இழைத் துணியைக் கையால் படியவைத்துச் சூட்டில் இறுக்க வேண்டும். ஒவ்வொரு காருக்கும் உழைப்பும் மூலப்பொருளும் அதிகம். ஆகவே குறைந்த எண்ணிக்கை, கூடிய விலை என்ற வழிதான் சிறிய கம்பனிக்குத் திறந்திருக்கிறது.

பற்றரியும் அப்படித்தான். மின்சாரக் காரில் பெரும் செலவு அதற்கே போகும். விலை குறைந்த காரில் அந்தச் செலவை மறைக்க இடமில்லை. ஸ்போர்ட்ஸ் காரில் உண்டு. மின் மோட்டாருக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. பெற்றோல் இயந்திரம் சுழற்சி ஏறிய பிறகுதான் முழு இழுவையைத் தரும். மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே அதைத் தந்துவிடும். ஈவிஎக்ஸ் இரண்டு மோட்டார்களுடன், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 3.1 செக்கனில் எட்டும் என்று கம்பனி அறிவித்தது. பல தலைமுறையாக என்ஜின் செய்துவந்த ஐரோப்பியக் கம்பனிகளோடு ஒரு புதிய கம்பனி எண்ணளவிலாவது சமமாக நிற்க இந்த இடத்தில்தான் முடியும்.

வேகாவுக்கு நடந்தது

2020 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் காரை உலகுக்குக் காட்டுவதாக இருந்தது. பெப்ரவரி 28ஆம் திகதி, கொரோனா காரணமாக ஆயிரம் பேருக்கு மேல் கூடுவதைச் சுவிற்சர்லாந்து அரசு தடை செய்தது. கண்காட்சி நின்றது. அதே ஆண்டு இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பொருளாதாரமே சரிந்தது. கொழும்பில் காட்சியறைக்குப் போய் வாங்கக்கூடிய காராக ஈவிஎக்ஸ் வரவில்லை.

இதை வைத்து அதைத் தோல்வி என்று எழுதிவிடுவது அவசரம். மாதிரி வண்டி ஒன்று ஓடுவதற்கும், விற்பனைக்கு ஏற்ற கார் ஆவதற்கும் இடையில் மோதல் சோதனை, ஒவ்வொரு நாட்டின் சட்ட அனுமதி, உதிரிப்பாகம், உத்தரவாதம் என்று நீண்ட தூரம் உண்டு. பெரிய கம்பனிகளே அதில் வழுக்கியிருக்கின்றன. டாடா 2017 மார்ச்சில் அதே ஜெனீவாவில் ரேஸ்மோ என்ற இரண்டு இருக்கைக் காரைக் காட்டியது. டாடாவின் பணபலம் இருந்தும் அது உற்பத்திக்குப் போகாமலே கைவிடப்பட்டது.

வேகாவில் கவனிக்க வேண்டியது வேறு. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுவியல், பற்றரி மேலாண்மை, மின்னேற்றும் கருவி ஆகியவற்றை அந்த அணி தானே செய்து பழகியது. அந்த அறிவு மின்னேற்று நிலையங்களுக்குப் போனது. பிறகு வேகா ஈரிஎக்ஸ் என்ற, கூரையில் சூரியத் தகடு பொருத்திய மின்சார முச்சக்கர வண்டியாகவும் வடிவெடுத்தது. இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேல். 2022இல் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது அவற்றுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். அந்த நாட்டுக்கு 3.1 செக்கனைவிட இந்த வண்டிதான் பொருத்தமான செய்தி.

மற்றவர்கள் எப்படிக் கையாண்டார்கள்?

ஸ்போர்ட்ஸ் காரில் தொடங்கும் வழியை உலகறியச் செய்தது டெஸ்லா. 2006இல் ஈலோன் மஸ்க் வெளிப்படையாகவே எழுதினார்: முதலில் ஸ்போர்ட்ஸ் கார், அந்தப் பணத்தில் விலை குறைந்த கார், அதன் பணத்தில் இன்னும் குறைந்த கார். 2008இல் ரோட்ஸ்ரர் வந்தது. 2012 வரை சுமார் 2,450 கார்கள் விற்றன. மடிக்கணினியில் இருப்பது போன்ற ஆயிரக்கணக்கான சின்னப் பற்றரிகளை இணைத்து ஒரே பொதியாக்கும் நுட்பம் அதிலிருந்து மொடல் எஸ் காருக்கு இறங்கியது.

அதே கம்பனி இரண்டாம் முறை கையாண்ட விதம் நேர்மாறு. புதிய ரோட்ஸ்ரரை 2017 நவம்பரில் காட்டி, 2020இல் தருவதாகச் சொன்னது. முதல் தொகுதிக் காருக்கு முழு விலையான 2,50,000 டொலரை முன்கூட்டியே கேட்டது. சொன்ன ஆண்டு கடந்தும் பல ஆண்டுகளாகக் கார் வரவில்லை. முதல் முறை கார் வந்து நம்பிக்கையைச் சம்பாதித்தது. இரண்டாம் முறை அந்த நம்பிக்கையைச் செலவழித்தார்கள்.

நிசான் ஜிரீஆர் மூன்றாவது வழி. 2007 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. என்ஜினை ஒன்பது கைவினைஞர்கள் மட்டுமே கையால் கோத்தார்கள். புதிய தலைமுறை கொண்டுவராமல் அதே காரைத் திருத்தித் திருத்தி விற்று, 2025 ஓகஸ்ற் 26ஆம் திகதி நிறுத்தினார்கள். மொத்தம் சுமார் 48,000 கார்கள். பகட்டான வாக்குறுதி எதுவும் இல்லை. ஆனால் அதற்கு வாரிசும் தயாராக இருக்கவில்லை.

எதைப் பார்த்து எடைபோடுவது?

முன்னணி ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் இலாபத்துக்கானது அல்ல. கம்பனியின் திறமைக்கு அது ஒரு சான்று. ஆகவே எத்தனை விற்றது என்பதை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். சனங்களிடம் முற்பணம் வாங்கிக்கொண்டு காலம் கடத்துகிறார்களா என்று முதலில் பாருங்கள். அதில் கற்ற எது சாதாரண வண்டிக்கு இறங்கியது என்று அடுத்துப் பாருங்கள். வேகாவின் கார் தெருவுக்கு வராவிட்டாலும், இரண்டாவது கேள்விக்கு அதனிடம் ஒரு பதில் உண்டு. அந்தப் பதில் முழுமையாவது, மின்சார ஆட்டோ ஒன்று கடன் வசதியோடும் உதிரிப்பாகத்தோடும் சாதாரண ஓட்டுநரின் கைக்கு எட்டும்போதுதான்.