வீரமுனை: வீடு யாருடையது?

ஒரு கிராமத்தில் பணியாற்றச் செல்வோர் முதலில் அதன் மக்களை அறிந்துகொள்ள வேண்டும். எத்தனை குடும்பம், எவ்வளவு காணி, எத்தனை கிணறு என்று நாம் படிவங்களை நிரப்புகிறோம். அப்படிவங்கள் கேட்க மறக்கும் கேள்வியொன்றை வீரமுனை நமக்குக் கற்றுத் தருகிறது.

இடமும் மக்களும்

காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை வீதியில் மேற்கே சென்றால், மாவடிப்பள்ளியைக் கடந்து சம்மாந்துறை வரும். அதன் அயலில் வயல்கள் சூழ அமைந்த தமிழ்க் கிராமமே வீரமுனை. சோழ இளவரசி சீர்பாததேவி கப்பலில் கொண்டுவந்த பிள்ளையாரை இங்கே அமர்த்தினாள் என்பது ஊரின் மரபு. சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் அதன் அடையாளம். சீர்பாதகுல மக்கள் தம் வரலாற்றை இவ்வூரிலிருந்தே சொல்லத் தொடங்குகின்றனர்.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். சம்மாந்துறையோ முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. இரு சமூகத்தாரும் அடுத்தடுத்த வட்டைகளில் நெல் விளைவிக்கின்றனர்.

தாய்வழிக் குடி

மொழியும் வயலும் மட்டுமன்றிக் குடிமுறையும் இவ்விரு சமூகங்களுக்கும் பொது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் இல்லை. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழி வந்தவர்களே. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் அவ்வீட்டுக்கு வருவான். எனவே வீட்டை இழந்தால் கூரை மட்டும் போவதில்லை; மகளின் வாழ்வும் தடைப்படுகிறது.

1990

1990 ஓகஸ்ட் 12 அன்று கோயிலில் தஞ்சமடைந்திருந்த மக்களை ஊர்காவல் படையினர் தாக்கியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மக்கள் அகதிகளாயினர். அதே மாதம் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோரும், 11ஆம் நாள் இரவு ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்களும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். ஒரு சமூகத்தின் துயரை மட்டும் எண்ணுபவர் இப்பகுதியை அறிந்தவராகார்.

கணவனையும் மகனையும் இழந்த பெண்கள் ஊருக்குத் திரும்பியபோது குடும்பச் சுமை அவர்கள் தோளில் விழுந்தது. அவர்களுக்கு மிஞ்சிய உரிமை தாய் தந்த வளவே.

உதவி செய்த தீங்கு

2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் வீடுகள் கட்டப்பட்டன. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. சீதனமாக வந்த பெண்ணின் வீட்டுக்கு ஈடாகக் கட்டிய வீடு, பல இடங்களில் ஆணின் பெயருக்கு மாறிற்று. எவரும் தீய எண்ணத்தோடு செய்ததல்ல. வழக்கத்தை விசாரிக்காமல் செய்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அரச காணியின் வாரிசுரிமையில் ஆணையே முன்வைத்திருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

வீட்டுத் திட்டம் எதுவாயினும் மூன்று கேள்விகளைப் படிவத்தில் சேர்ப்போம். இவ்வளவு யாருடைய தாய்வழி வந்தது? இழந்த வீட்டின் உறுதி யார் பெயரில் இருந்தது? மணமாக வேண்டிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? விடைகளைப் பெண்களிடமே கேட்போம். பத்திரத்தில் அவர்கள் பெயரை எழுதுவோம். வீரமுனையில் கேட்கும் இதே கேள்விகளைச் சம்மாந்துறையிலும் கேட்கலாம். அங்கேயும் வீடு மகளுக்கே உரியது. இரு ஊர்த் தாய்மாரும் ஒன்றாக அமர்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன?