சமச்சீரும் உருமாற்றங்களும்: செய்து கற்பித்தல்

ஓர் உருவத்தை ஒரு கோட்டில் மடித்தாலோ, ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழற்றினாலோ, ஒரு திசையில் நகர்த்தினாலோ அது தன் மீதே சரியாகப் பொருந்துமானால், அந்தப் பண்பு சமச்சீர் எனப்படும். மடித்தல், சுழற்றுதல், நகர்த்துதல் ஆகிய செயல்களைக் கணிதத்தில் முறையே எதிரொளிப்பு, சுழற்சி, இடப்பெயர்வு என்பர். இவை உருமாற்றங்கள். இம்மூன்றிலும் பக்கங்களின் நீளமும் கோணங்களின் அளவும் மாறுவதில்லை. உருவம் இருக்கும் இடமும் அது நோக்கும் திசையும் மட்டுமே மாறுகின்றன.

செய்து கற்பிப்பது ஏன்?

"இரண்டு சம பாகங்களாகப் பிரித்தால் அது சமச்சீர்" என்று பல மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இது தவறு. செவ்வகத்தின் மூலைவிட்டம் அதை இரண்டு சம முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஆனால் மூலைவிட்டத்தில் மடித்தால் ஓரங்கள் பொருந்துவதில்லை. எனவே அது சமச்சீர்க் கோடு அன்று. இதைக் கரும்பலகையில் பத்து முறை சொல்வதைவிட ஒரு தாளை மடித்துப் பார்ப்பது மேல். கண் ஊகிப்பதைக் கை சரிபார்க்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல், குண்டூசி, எண்ணெய்த் தாள் அல்லது படியெடுக்கும் தாள், அளவுகோல், இரண்டு சிறிய கண்ணாடிகள், வெண்டைக்காய், வண்ணம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

செயல் 1: மடித்தல்

20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட தாளைக் கொடுத்து, மூலைவிட்டத்தில் மடித்தால் பொருந்துமா என்று முதலில் கேட்க வேண்டும். பொருந்தும் என்போர், பொருந்தாது என்போர் கைதூக்கட்டும். பிறகு மடிக்கட்டும். விடையை ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. அடுத்து ஒரு சதுரத் தாளை மடிக்கச் சொன்னால், அதில் மூலைவிட்டம் பொருந்துவதைக் கண்டு காரணம் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பாடம் தொடங்கலாம்.

செயல் 2: குண்டூசித் துளை

ஒரு தாளை இரண்டாக மடித்து, குண்டூசியால் நாலைந்து இடங்களில் துளையிட்டு விரிக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் மறுபக்கத்தில் ஒரு துணைத்துளை இருக்கும். துணைத்துளைகளைக் கோட்டால் இணைத்து அளந்தால் இரண்டு உண்மைகள் தெரியும். மடிப்பிலிருந்து இரு துளைகளும் ஒரே தொலைவில் உள்ளன. இணைக்கும் கோடு மடிப்பைச் செங்குத்தாக வெட்டுகிறது. அதாவது, எதிரொளிப்புக் கோடு என்பது துணைப்புள்ளிகளை இணைக்கும் கோட்டின் மையக்குத்துக்கோடு.

செயல் 3: சுழற்றுதல்

ஓர் இணைகரத்தை வரைந்து, அதைப் படித்தாளில் நகலெடுக்க வேண்டும். மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியில் குண்டூசி குத்தி, மேல்தாளை மெல்லச் சுழற்ற வேண்டும். 180 பாகையில் ஒரு முறை, 360 பாகையில் ஒரு முறை என இரண்டு முறை பொருந்தும். எனவே இதன் சுழல் சமச்சீர் வரிசை 2. செவ்வகமாகவும் சாய்சதுரமாகவும் அமையாத இணைகரத்தை எந்தக் கோட்டில் மடித்தாலும் பொருந்தாது. சமச்சீர்க் கோடு இல்லாமலேயே ஓர் உருவத்துக்குச் சமச்சீர் இருக்கலாம் என்பதை மாணவர் இங்கே முதன்முதலாகக் காண்கிறார். எந்த உருவமும் முழுச்சுற்றில் பொருந்தும் என்பதால், வரிசை 2 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சுழல் சமச்சீர் உண்டு என்கிறோம்.

செயல் 4: நகர்த்துதல்

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வண்ணத்தில் தோய்த்து, அளவுகோலை ஒட்டி 4 செ.மீ.க்கு ஒன்றாக அச்சிட வேண்டும். ஒவ்வோர் அச்சும் முந்தைய அச்சின் இடப்பெயர்வு. காயைக் கையில் திருப்பிவிடாமல் அச்சிட வேண்டும்; திருப்பினால் சுழற்சியும் கலந்துவிடும். சேலைக் கரையிலும் கோரைப்பாயிலும் இதே அமைப்பைக் காட்டலாம்.

செயல் 5: இரண்டு கண்ணாடிகள்

இரண்டு கண்ணாடிகளை ஓர் ஓரத்தில் ஒட்டுநாடாவால் இணைத்து, புத்தகம்போல் விரித்து நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால், 90 பாகையில் அதையும் சேர்த்து 4 கொட்டைகளும், 60 பாகையில் 6 கொட்டைகளும் தெரியும். 360-ஐக் கோணத்தால் வகுத்தால் இந்த எண்ணிக்கை கிடைக்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வாசலில் உள்ள பாடம்

கடலூர் மாவட்டத்தின் குமராட்சி, சிதம்பரம் பகுதிகளில், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே, மார்கழியில் வாசல்தோறும் கோலம் காணலாம். மாணவர்களில் பலர் பள்ளிக்கு வருமுன்பே புள்ளி வைக்கப் பழகியவர்கள். நேர்ப்புள்ளிக் கோலத்தைச் சதுரமாக அமைத்தால் வரிசை 4 வரை சுழல் சமச்சீர் பெறலாம். "7 புள்ளி, ஊடுபுள்ளி 4 வரை" என்ற கோலத்தில் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4 என அமைந்து 37 புள்ளிகள் கொண்ட அறுகோணம் உண்டாகும். புள்ளிகளுக்கு இடையே சம தொலைவு இருந்தால் இதில் வரிசை 6 கிடைக்கும்.

கோலத்தின் கணிதம் ஆய்வுலகிலும் இடம்பெற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதி வெளியிட்டனர்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு சதுரத் தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் நுனி வளைந்த ஒரு மாங்காய் வரைய வேண்டும். முதல் குழு அதை மையத்தைச் சுற்றி 90 பாகை வீதம் சுழற்றி மற்றக் கட்டங்களை நிரப்பட்டும். இரண்டாம் குழு குறுக்கும் நெடுக்குமாக மடித்து எதிரொளித்து நிரப்பட்டும். தொடங்கிய மாங்காய் ஒன்றே. கிடைக்கும் கோலங்கள் வேறு. முதலாவதில் சுழல் சமச்சீர் வரிசை 4, சமச்சீர்க் கோடு இல்லை. இரண்டாவதில் சமச்சீர்க் கோடுகள் 2, சுழல் சமச்சீர் வரிசை 2.

இந்த இடத்தில் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். மாணவி ஒருத்தி காற்றாடிபோல் சுழலும் கோலம் ஒன்றை வரைந்து வந்தால், "இடமும் வலமும் ஒத்து வரவில்லையே" என்று தவறு போட்டுவிடுவது எளிது. அவள் வரைந்தது சரி. பார்த்த அளவுகோல்தான் தவறு. மடித்துப் பார்த்ததோடு நிறுத்தாமல் சுழற்றியும் பார்க்க வேண்டும். வீட்டில் கற்ற ஒன்றைப் பள்ளி தவறென்று சொன்னால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வரைந்து கொண்டுவரமாட்டாள்.

சுற்றுப்புறத்தில் தேடல்

ஒற்றை நந்தியாவட்டைப் பூவில் ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். 72 பாகை சுழற்றினால் ஏறத்தாழப் பொருந்தும், மடித்தால் பொருந்தாது. பூவரச இலை நடுநரம்பில் ஏறத்தாழ மடியும். இயற்கைப் பொருள்களில் பொருத்தம் துல்லியமாக இராது என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துகளில் "ப" என்பதற்கு நிலைக்குத்தான சமச்சீர்க் கோடு ஒன்று உண்டு. "ஃ" எழுத்தின் புள்ளிகளைச் சம தொலைவில் வைத்தால் சமச்சீர்க் கோடுகள் 3, சுழல் சமச்சீர் வரிசை 3. 69 என்ற எண்ணைத் தலைகீழாகச் சுழற்றினாலும் 69 தான்.

சமச்சீர் இல்லாததையும் காட்ட வேண்டும். சிதம்பரம் நடராசர் திருவுருவத்தில் வலக்கால் ஊன்றி, இடக்கால் தூக்கி இருக்கும். நடுவில் கோடிட்டால் இருபுறமும் ஒன்றல்ல. ஆயினும் உருவம் சாய்வதாகத் தோன்றுவதில்லை. சமநிலை வேறு, சமச்சீர் வேறு என்பதை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

மதிப்பீடு

சதுரம், செவ்வகம், சமபக்க முக்கோணம், சாய்சதுரம், இணைகரம் ஆகியவற்றை அட்டையில் வெட்டிக் கொடுத்து, கோடுகளின் எண்ணிக்கையையும் சுழல் வரிசையையும் கண்டறியச் சொல்லலாம். விடைகள் முறையே 4, 4, 2, 2, 3, 3, 2, 2, 0, 2. விடையோடு "எப்படிச் சரிபார்த்தாய்?" என்றும் கேட்க வேண்டும். செய்து காட்டும் மாணவருக்கே பாடம் புரிந்திருக்கிறது.