திருப்பதிக்கு செல்ஃப் டிரைவ் போறீங்களா? முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் கேட்கிறார்: "நாளைக்கு திருப்பதி போலாமா?" எல்லாரும் ரெடி, கார்தான் இல்லை. நண்பரின் நண்பர் ஒருவர் தன் காரை நாள் வாடகைக்குத் தருகிறாராம். ஆப்பில் புக் பண்ணுவதைவிட மலிவு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வெளிநாட்டில் கார் ஓட்டணும்னா 1,000 ரூபாய் கட்டி, ஓராண்டு செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குகிறோம். வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கிறோம். திருத்தணி தாண்டி நகரிக்குள் நுழையும்போது அந்தக் கவனம் இருப்பதில்லை. லைசென்ஸைப் பொறுத்தவரை பயமில்லை. தமிழ்நாட்டு லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி., இன்சூரன்ஸையும் போலீசாரிடம் காட்டலாம்.

கவனிக்க வேண்டியது நம்பர் பிளேட். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக கார். மஞ்சளில் கறுப்பு எழுத்து, டாக்சி. கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் செல்ஃப் டிரைவ் வாடகைக்கானது. வெள்ளை பிளேட் காரை வாடகைக்கு விடுவது பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு.

அபராதத்தையாவது கட்டிவிடலாம், இன்சூரன்ஸ்தான் பெரிய தலைவலி. வாடகைக்கு விடப்பட்ட நேரத்தில் நடந்த விபத்தை தனியார் கார் பாலிசி ஏற்காது. வண்டி சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். யாருக்காவது அடிபட்டால், ஸ்டியரிங்கில் இருந்த நீங்களும் இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரர்தான். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அங்கே எந்த மூலைக்கு?

அடுத்து, மலைப்பாதை. அலிபிரி சோதனைச்சாவடியில் மது, சிகரெட், இறைச்சி எதையும் அனுமதிக்க மாட்டார்கள், காரிலேயே விட்டுவைக்காதீங்க. அதற்கு மேல் இரண்டு பாதைகள், இரண்டும் ஒருவழி. ஏற 1974-ல் வந்த இரண்டாவது பாதை, இறங்க 1944-ல் போட்ட பழைய பாதை. ஏற குறைந்தபட்சம் 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று தேவஸ்தானம் விதி வைத்திருக்கிறது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்: ஏறும் 18 கி.மீ.க்கு சராசரி வேகம் மணிக்கு 39 கி.மீ.க்குள், இறங்கும் 19 கி.மீ.க்கு 29-க்குள் இருக்க வேண்டும். சிலர் வேகமாக வந்துவிட்டு, கீழே சாவடிக்கு முன்னால் ஓரங்கட்டி நேரத்தைக் கடத்துகிறார்கள். விதி எதற்கென்றே புரியாதவர்கள்!

இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அது சூடேறி பிடிப்பை இழக்கும். இரண்டாவது கியரில் விட்டு, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் மோடு. நியூட்ரலில் உருட்டுவது, பெட்ரோல் மிச்சம் என்று யார் சொன்னாலும், கூடவே கூடாது.

பெங்களூரிலிருந்து பலமநேர், சித்தூர் வழியாக வருபவர்களுக்கு மொகிலி மலைப்பாதையும் உண்டு. 2024 செப்டம்பரில் அங்கே அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதியதில் உயிர்கள் போயின. அந்த இறக்கத்தில் லாரியை முந்தும் ஆசையே வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால்? ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது சட்டப்படி ஓட்டுநரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் சொல்ல வேண்டும், ஊருக்கு வந்து பார்த்துக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆந்திராவில் எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் தெலுங்கில்தான் இருக்கும். புகார் கொடுப்பவர் நீங்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துக் காட்டச் சொல்லலாம், நகலையும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.